உனக்கு வந்த போன்

நிவேதா பாப்பா,

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஹாஸ்டலுக்கு நடந்துகொண்டே பேசினாய். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஒரு பேப்பர் போய்விட்டது என்றாய், கம்பெனியில் போன மாத ரிவ்யூவும் சரியில்லை என்றாய். வாரத்தில் ஐந்து நாள் கம்பெனியில் அப்ரண்டிஸ், சனி ஞாயிறு எம்.டெக். வகுப்பு என்று ஒன்றரை வருடமாக ஓடியது போதும், திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாய். படிப்பை விட்டால் அந்த வேலையும் போய்விடும், இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குக்கூட நான் அவ்வளவு கலங்கவில்லை. கடைசியில் ஒன்று சொன்னாய் பார், அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா. மொத வருசம் அப்ளை பண்ணப்பவே என்னைய வேணாம்னுட்டாங்கள்ல. அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு." அதற்கு நான் "சரி பாப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். வாய் அடைத்துப்போனால் உன் அப்பனுக்கு வரும் ஒரே கேள்வி அதுதான் என்பது உனக்கே தெரியும்.

இன்று சனிக்கிழமை. அரியலூர் பிளாண்டில் முதல் ஷிப்ட் முடித்து வந்து, குளித்துவிட்டு, காலேஜில் நீ பாதி எழுதிவிட்டுப் போன ரெக்கார்டு நோட்டில் இதை எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். போனில் சொல்லத் தைரியம் இருந்தால் வியாழக்கிழமையே சொல்லியிருப்பேன். விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்துப் பக்கம் வளவளவென்று எழுதிவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியாதா. உன்னை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, பாப்பா. முதல் வருடமே உன்னைத் தேர்ந்தெடுத்து, வருகிறாயா என்று கேட்டு போன் செய்தார்கள். அந்த போனை எடுத்தது நான். வேண்டாம் என்று சொன்னதும் நான்.

இப்போது நோட்டைத் தூக்கி எறிகிற மாதிரி போனைத் தூக்கி எறிந்துவிடாதே, மிச்சத்தையும் படி. நீ பத்தாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து எந்த பாரத்தில் போன் நம்பர் கேட்டாலும் என் நம்பரைத்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். பொட்டப்புள்ள நம்பர் ஊரெல்லாம் சுத்த வேண்டாம் என்றேன். குரும்பலூரில் எந்த அப்பனும் அப்படித்தான் சொல்வான், அதில் நான் ஒன்றும் புதுமை செய்துவிடவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கும் என் நம்பர், கவுன்சிலிங்குக்கும் என் நம்பர். அதே பழக்கத்தில் அந்த அப்ரண்டிஸ் பாரத்திலும் என் நம்பரையே நிரப்பியிருந்தாய். நான் பிளாண்டில் கன்வேயர் மோட்டார் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், நிவேதாவோட அப்பாங்களா? உங்க பொண்ணு செலக்ட் ஆயிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம் சொன்னீங்கன்னா மெயில் அனுப்பிடுவோம்" என்று ஒரு அம்மா நல்ல தமிழில் சொன்னார். அதுதான் என் கஷ்டகாலம். இங்கிலீஷில் பேசியிருந்தால் எனக்குப் பாதி புரியாமல், "சாயங்காலம் பொண்ணுகிட்ட பேசுங்க மேடம்" என்று தப்பித்திருப்பேன். தமிழில் கேட்டதால் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டேன். "எம் பொண்ணு மேல படிக்கப் போவுதுங்க. அப்ரண்டிஸுக்கெல்லாம் வராதுங்க." அந்த அம்மா, படிப்பும் இதிலேயே இருக்கிறது, கம்பெனியே படிக்க வைக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். "வேணாம்னா வேணாங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏன் அப்படி வெடுக்கென்று சொன்னேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. டார்ச் பிடித்தேன். ஒரு வருடம் முழுக்க அதுதான். போர்மேன் பேனலைத் திறந்து வேலை பார்ப்பார், நான் பின்னால் நின்று வெளிச்சம் காட்டுவேன். ஒருநாள், இந்த ஒயரை ஏன் அண்ணே கழற்றி இங்கே மாற்றுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "டேய், நீ டார்ச்ச நேரா புடி. ஏன்னு கேக்கறதுக்கா ஒன்ன வச்சிருக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற ஹெல்பர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்களுக்கு மட்டும் ஹெல்மெட் வேறு கலர். கேண்டீனில் அந்தக் கலரைப் பார்த்ததும் தட்டைக் கழுவச் சொல்வார்கள். வருடம் முடிந்ததும் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து, போய்ட்டு வாங்கப்பா என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் செட்டில் ஒருத்தரையும் வேலைக்கு எடுக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்ரண்டிஸில் சேர்ந்த அன்றே, மகனுக்கு பேக்டரியில் வேலை கிடைத்துவிட்டது என்று என் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் மறுநாளும் அதே நேரத்துக்குக் குளித்து, அதே தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்வேன். சென்னைக்குப் போகிற ரயில், திருச்சிக்குப் போகிற ரயில் எல்லாம் நின்று கிளம்பும். மதியம் சோற்றைத் தின்றுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கிளம்பி வீட்டுக்கு வருவேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி ஓட்டினேன். பிறகு ஒரு காண்ட்ராக்டரிடம் ஒயர் இழுக்கிற வேலை கிடைத்தது, அங்கிருந்துதான் தொழிலைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். இதை உன் அம்மாவிடமே முந்தாநாள்தான் சொன்னேன். அந்தக் கம்பெனி அம்மா போனில் "அப்ரண்டிஸ்" என்றதும் எனக்கு உன் முகம் தெரியவில்லை. அந்த ஸ்டேஷன் பெஞ்சும் மடியில் தூக்குச்சட்டியும்தான் தெரிந்தது. என் பொண்ணு எவன் பின்னாலும் டார்ச் பிடிக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டேன்.

நீ இந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லாமல் இல்லை. அந்தச் சித்திரையில் நாம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தபோது, வகுப்பில் படிப்பதைக் கம்பெனியில் செய்து பார்க்கலாம், கம்பெனியில் முட்டிக்கொண்டு நிற்பதை வகுப்பில் கேட்கலாம் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாய். "படிக்கறவ படிக்கணும், வேல பாக்கறவ வேல பாக்கணும். ரெண்டையும் கலந்தா ரெண்டும் அரைவேக்காடு" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, "ரெண்டும் தனித்தனியா இருந்தாதான்ப்பா அரைவேக்காடு" என்றாய். வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்து போனேன். அன்றைக்கு உட்கார்ந்து இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

போன் வந்த அன்று சாயங்காலமே நீ கேட்டாய். "அப்பா, கம்பெனிலேர்ந்து எதுனா போன் வந்துச்சா?" நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டு, "இல்லையே" என்றேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நீ கேட்டாய், மூன்று நாளும் இல்லை என்றேன். அதற்கப்புறமும் ஒரு வாரம் கேட்டாய். பிறகு ஒருநாள் கேட்கவில்லை. அன்று வீட்டிலிருந்த பீரோ, பரண், அரிசி டப்பா எல்லாவற்றையும் காலி செய்து துடைத்தாய். அழுதிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன். பரண் மேல் நின்றுகொண்டு, "என்னப்பா, பழைய ஸ்டெபிலைசர் எல்லாம் எதுக்கு வச்சிருக்க?" என்று சாதாரணமாகக் கேட்டாய். உனக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த வருத்தத்தை இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தாய் என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது.

முழுநேர எம்.இ. சேர் என்று நான் சொன்னதை நீ கேட்கவில்லை. அடுத்த வருடம் திரும்ப அப்ளை பண்ணுவேன், அதுவரை சும்மா இருக்க மாட்டேன் என்று லப்பைக்குடிக்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாய். சாயங்காலம் நீ பஸ்ஸில் பெரம்பலூர் வந்து இறங்குவாய், நான் அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்டாண்டில் போட்டிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு உனக்காக நிற்பேன். அந்த மூலைக் கடையில் ஆளுக்கொரு டீ, இரண்டு போண்டா. வளைகுடாவுக்குக் கிளம்புகிற ஒரு பாய் உன்னிடம் எக்செல் கற்றுக்கொண்டு, கடைசி நாள் டீச்சர் என்பதற்கு "உஸ்தாத்" என்று உன்னைக் கூப்பிட்டதை நீ அவர் குரலிலேயே பேசிக் காட்டுவாய். வீடு வரைக்கும் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாய், காற்றில் பாதி காதில் விழாது, விழுந்த மாதிரி "ம்" கொட்டுவேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது பாப்பா. நீ உன்னைப் பற்றிக் குறைவாக நினைத்துக்கொண்டு திரிந்த அந்த வருடம்தான் எனக்கு மிகச் சந்தோஷமான வருடம்.

அதனால் ஸ்டேஷன் பெஞ்சு கதையை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. உன்னை முழுநேரப் படிப்பில் சேர் என்று சொன்னபோது நான் மனசில் வைத்திருந்ததெல்லாம் தினமும் வீட்டிலிருந்து போய் வருகிற காலேஜ்கள். நீ சென்னைக்குப் போனால் திரும்பி வரமாட்டாய், வந்தாலும் விருந்தாளி மாதிரி பையோடு வந்து பையோடு போவாய் என்ற பயம் எனக்கு. பயத்தைப் பயம் என்று சொல்லாமல், உன் நல்லதுக்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன். பெற்றவர்கள் செய்கிற திருட்டுத்தனத்தில் இதுதான் முதலாவது. நாளைக்கு நீயும் யாருக்காவது இப்படி ஒன்றைச் செய்யத் தோன்றினால், இது யாருடைய நல்லதுக்கு என்று ஒருமுறை உன்னையே கேட்டுக்கொள்.

இரண்டாவது தடவை அவர்கள் பாரத்தில் மாணவியின் சொந்த நம்பரே வேண்டும் என்று கேட்டிருந்ததால் உன் நம்பரைப் போட்டாய். போன் உனக்கே வந்தது. "இந்த தடவ எடுத்துட்டாங்கப்பா!" என்று நீ கத்திக்கொண்டு ஓடி வந்தபோது, மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அன்று கரண்டே இல்லை என்று நீயும் கவனித்திருக்க மாட்டாய். "இந்த தடவ" என்ற அந்த வார்த்தை என்னைப் போட்டுக் குடைந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனிமேல் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

போன ஆடியில் நீ போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் செய்துகொண்டிருந்த ஆஸ்பத்திரி டோக்கன் சாப்ட்வேரில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிவு செய்தால் இரண்டு பேருக்கும் ஒரே டோக்கன் போய்விடுகிறது, செவ்வாய்க்கிழமையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன், சனிக்கிழமை வகுப்பில் புரொபசர் நடத்தின பாடமே அதுதான் என்றாய். ஒருத்தர் தொட்டிருக்கும்போது அடுத்தவர் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும், அவர் முடித்தபிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும் என்று விளக்கினாய். "அட, நாங்க பேனல்ல செய்யறதுதான பாப்பா இது! மோட்டார்ல ஒருத்தன் கை வச்சிருந்தா சுவிட்சுக்குப் பூட்டு போட்டு சாவிய அவன் பாக்கெட்ல வச்சுக்குவான். அவன் வெளிய வராம எவனும் ஆன் பண்ண முடியாது" என்றேன். உடனே நீ "அதேதான்ப்பா! அய்யோ, அதேதான்!" என்று கூவினாய். திங்கட்கிழமை உங்கள் டீமில் இதைத்தான் உதாரணமாகச் சொன்னாயாம். அன்று முழுக்க பிளாண்டில் நான் தரையில் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஏற்பாடும் புரிந்தது. நான் டார்ச் பிடித்த வருடத்தில் எனக்கு, ஏன் என்று சொல்ல ஒரு சனிக்கிழமை இல்லை. உனக்கு இருக்கிறது. அதைத்தான் நீ வெங்காயம் ஆய்ந்த அன்று சொன்னாய் போலிருக்கிறது.

நீ போனதிலிருந்து உன் டைம்டேபிள் எனக்கு மனப்பாடம். நீ அம்மாவுக்கு அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்து பிளாண்டில் என் டூல்ஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். காலை பத்து மணி என்றால் உங்கள் டீம் நின்றுகொண்டே பேசுகிற மீட்டிங், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து ஒன்று வரை வகுப்பு, ஞாயிறு மதியம் லேப். எந்த நேரத்தில் உன்னைக் கூப்பிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் எந்த நேரத்திலும் கூப்பிடாமலே இருந்துவிடுகிறேன். பொங்கலுக்கு நீ வரவில்லை, பரீட்சை என்றாய். உன் தட்டையும் சேர்த்து மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு, இப்போது நாம் இரண்டு பேர்தானே என்று உன் அம்மா ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இப்போதும் வண்டியை எடுத்ததும் கிளப்ப மாட்டேன், லப்பைக்குடிக்காட்டு பஸ் ஒன்று வந்து ஆட்கள் இறங்கி முடிகிறவரை நிற்பேன். எதற்கு நிற்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறைக்க இனி என்னிடம் தெம்பு இல்லை. வியாழக்கிழமை நீ "வூட்டுக்கே வந்துடறேன்ப்பா" என்றாய் அல்லவா, அந்த நிமிடம் என் மனசு குதித்தது. போனை வைத்துவிட்டு உன் கட்டில் மேல் கிடந்த துணியையெல்லாம் எடுத்து மடித்தேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, முன்னால் இருந்த மாதிரியே வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், செவ்வாய்க்கிழமை நீ வீட்டில் இருப்பாய். உன் அம்மா வந்து, "என்னங்க, என்னாச்சு?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். "நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லுவ, நீயே பாப்பாகிட்ட பேசேன்" என்றேன். "நான் ஏன் சொல்லணும்? நீங்க செஞ்சது, நீங்க சொல்லுங்க" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை என்ன செய்வது என்பது உன் பாடு. இதில் மறுபடி மூக்கை நுழைக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு பேப்பர் போனதற்காகவா என்று கேட்பாயானால், ஒயர்மேன் லைசென்ஸ் பரீட்சையில் நான் இரண்டு தடவை கோட்டை விட்டவன், மூன்றாவது தடவைதான் பாஸானேன். ரிவ்யூ சரியில்லை என்றால், என்ன சரியில்லை என்று அவர்களிடமே போய்க் கேள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிற இடமாக அது இருந்தால், அதுவே விடுவதற்குப் போதுமான காரணம். உடம்பு முடியவில்லை, களைத்துவிட்டேன் என்றாலும் விட்டுவிடு, ஊரில் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று நினைத்து மட்டும் விடாதே. அவர்களுக்குத் தெரிந்திருந்தது நீ வேண்டும் என்பதுதான். இரண்டு தடவையும் உன்னைக் கூப்பிட்டார்கள்.

நீ கோபப்படுவாய். பட வேண்டும். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அது உன்னிடம் இன்னொரு வேலை வாங்குகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. உன் அம்மா மாதிரி நீயும் பேசாமல் இருந்துவிடாதே. அவள் பேசாவிட்டாலும் அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தத்தில், அவள் கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். நீ அங்கே பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றுமே கேட்காது. அந்தப் படிப்பை விடுவதோ தொடர்வதோ எதுவானாலும், ஒரு லீவு கேட்டு, ஒரே ஒருநாள் வந்து, கூடத்தில் நின்று, என்னை நேருக்கு நேர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுப் போ. சண்டை போடவாவது வா, பாப்பா.

உன் அப்பன்